வள்ளத்தில் நான் சாகடித்த ஐந்து பேர்

வள்ளம் ஓட்டுகிறவனுக்கு வள்ளம் முங்கினால் பிழைப்புப் போச்சு. எனக்கு அது முங்கிக் கிடந்தால்தான் பிழைப்பு.

முப்பது வருஷத்துக்கு மேல் துறைமுகத்தில் முங்கல் வேலை பார்த்தேன். மீன் போட்டின் புரொப்பல்லரில் வலை சுற்றிக்கொண்டால் கத்தியோடு கீழே போய் அறுத்துவிட்டு வர வேண்டும். அந்தத் தண்ணீரில் கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான், அத்தனை டீசலும் சேறும். வலது காது கேட்காமல் போனதும் வீட்டில் போதும் என்றார்கள். மிச்சமிருக்கிற இடது காதுதான் இங்கே எழுதியிருப்பதையெல்லாம் எனக்குச் சேர்த்துக் கொடுத்தது.

இப்போது மட்டாஞ்சேரியிலிருந்து காலையில் ஒரு பஸ், அக்கரைக்கு ஒரு கடத்துப் படகு, பிறகு கால்மணி நடை. போய்ச் சேர்ந்தால் ஒரு நல்ல தண்ணீர்க் காயல். நாலு பஞ்சாயத்துக்குக் குடிதண்ணீர் அதிலிருந்துதான். அதனால் சர்க்கார் வேலி போட்டு வைத்திருக்கிறது. கடலோடு சேருகிற வாய்க்காலின் வாயையும் எப்போதோ அடைத்துவிட்டார்கள். மோட்டார் கூடாது, வலை கூடாது, சோப்பு கூடாது. தண்ணீர் கண்ணாடி மாதிரி நிற்கும். அடியில் இரண்டு வள்ளங்கள் கிடக்கின்றன. சின்னது, ஓடு ஏற்றிப் போகும்போது இரண்டாகப் பிளந்தது. பெரியது முழுக் கெட்டுவள்ளம், ஆணி ஒன்றுகூட இல்லாமல் பலகைகளைக் கயிற்றால் தைத்துச் செய்த சரக்குப் படகு. இரண்டு ஆள் ஆழத்தில், பஸ் ஸ்டாண்டில் நிற்கிற பஸ் போல நேராக உட்கார்ந்திருக்கிறது. அதைப் பார்க்கத்தான் ஆட்கள் வருகிறார்கள்.

அடியில் கண்ணாடி பதித்த தோணியில் ஆறு பேரை ஏற்றிப் போவோம். துடுப்பால் துழைவது சுகுணன், கும்பளங்கிக்காரன். நீந்தத் தெரிந்தவர்களுக்கு முகமூடியும் மூச்சுக் குழாயும் மாட்டி, கையைப் பிடித்துக் கீழே கூட்டிப் போவது நான். கரையில் ஒரு கொட்டகையில் டிக்கெட்டும் ரிஜிஸ்டருமாக எங்கள் ஆபீசர் மேடம் இருக்கும். எங்கள் மூன்று பேருக்கும் இது சர்க்கார் வைத்த ஒரு வருஷப் பரீட்சை. மழைக்கு முன்னால் போதுமான ஆள் வராவிட்டால் மேலாபீசில் இதைப் பூட்டிவிடுவார்கள். ஆட்களைக் கூட்டிப் போய் எதையாவது காட்டிப் பிழைத்தவர்கள் உங்களில் இருந்தால், இனிமேல் வருவதெல்லாம் உங்களுக்கே நடந்த மாதிரி இருக்கும்.

ஆள் சேதம்

முதல் மாதம் நான் உள்ளதை உள்ளபடிதான் சொன்னேன். இந்த வள்ளம் எப்போது முங்கியது, எப்படி முங்கியது என்று யாருக்கும் தெரியாது, அவ்வளவுதான் என்று. கோயம்புத்தூரிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், ஒரு சித்தி. கண்ணாடிக்குமேல் ஐந்து தலையும் முட்டிக்கொண்டு நின்றன. "எத்தனை பேருங்க செத்தாங்க?" என்று அப்பா கேட்டார். யாரும் செத்ததாகக் கேள்வி இல்லை என்றேன்.

ஐந்து தலையும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தன. பிள்ளைகள் முறுக்கைப் பிரித்தார்கள். அம்மா தண்ணீரில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்துப் பொட்டைச் சரி செய்தார். சித்திதான் மனசில் உள்ளதைச் சொன்னார்: "யாருமே சாகலையா? இதுக்கா என்னைக் காலைல நாலு மணிக்கு எழுப்பிக் கூட்டிட்டு வந்தீங்க?"

ஒருவர் போனார், ஐவர் போனார்

மேடம் பாலக்காட்டுப் பெண், என் மகள் வயசுதான். தமிழ் என்னைவிட நன்றாகப் பேசும். ஒருநாள் ரிஜிஸ்டரைத் திருப்பிக் காட்டி, "இப்படியே போனா பர்மிஷன் புதுப்பிக்க மாட்டாங்க அண்ணாச்சி. கொஞ்சம் சுவாரசியமாச் சொல்லுங்களேன்" என்றது. அது சொன்னது மீனைப் பற்றி, ஆம்பலைப் பற்றி என்று பிறகு தெரிந்தது. நான் வேறு மாதிரி எடுத்துக்கொண்டேன்.

மறுநாளே வள்ளத்தின் சொந்தக்காரரைக் கொன்றேன். நடுக்காயலில் பேய்க்காற்று. பாறையில் முட்டி அடியில் ஓட்டை. கூட இருந்தவர்களைக் கரைக்கு நீந்தச் சொல்லிவிட்டு, கழியைக் கட்டிப் பிடித்தபடி வள்ளத்தோடு போனார் அந்த மனிதர். உள்ளே வரிசையாக அடுக்கியிருந்த வெட்டுக்கல்லுக்கும் ஒரு காரணம் வேண்டுமே, பள்ளி கட்டக் கொண்டுபோன கல் என்றேன். நர்சிங் படிக்கிற பெண்கள் ஆறு பேர் தோணியிலேயே மூக்கைச் சிந்தினார்கள். அடுத்த சனிக்கிழமை அவர்கள் சொல்லிப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். நான் சொந்தக்காரரின் மைத்துனரையும் அனுப்பிவைத்தேன். கூட்டம் கூடக் கூட எனக்குக் கை நிற்கவில்லை. தை பிறப்பதற்குள் ஐந்து பேர். துழைந்துகொண்டே எல்லாவற்றையும் கேட்டுவந்த சுகுணன் ஒருநாள் துடுப்பை மடியில் வைத்துவிட்டுச் சொன்னான்: "அண்ணாச்சி, இனிமே யாரையும் கொல்லாதீங்க. அந்த வள்ளத்துல இதுக்கு மேல இடமில்ல."

தேங்காயெண்ணெய்

தலையில் எண்ணெயோடு காயலில் இறங்கக் கூடாது. எண்ணெய் மிதந்தால் தண்ணீர் மங்கிப்போகும், வள்ளம் தெரியாது. நம்ம ஊரில் எண்ணெய் வைக்காத தலை எங்கே இருக்கிறது? ஆகவே கரைக் குழாயடியில் பயறு மாவு வைத்திருக்கிறோம், தேய்த்துக் குளித்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். புதுசாகக் கல்யாணமான ஒரு பையன். மூன்று முறை தேய்த்தும் எண்ணெய் போகவில்லை. நான்காவது முறைக்கு நானே அவன் தலையைப் பிடித்துத் தேய்த்தேன். கரையில் குடை பிடித்து நின்ற மாமியார் பெண்ணின் காதில் சொன்னது என் இடது காதுக்குக் கேட்டது: "கல்யாணத்தன்னிக்குக்கூட இவன் இப்படிக் குளிச்சிருக்க மாட்டான்."

சர்க்காருக்குச் சொந்தமான பல்

காயலின் அடியில் கிடப்பது எதுவானாலும் எடுக்கக் கூடாது. ஒரு ஓட்டுத் துண்டு, ஒரு கிளிஞ்சல், எதுவும். எல்லாம் சர்க்கார் சொத்து. இதைப் பலகையில் எழுதி வைத்திருக்கிறோம், தோணியில் ஏறும் முன் வாயாலும் சொல்கிறோம். இப்படிச் சொல்லி ஏற்றிய ஒரு பெரியவர், நாகர்கோவில் பக்கம் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், தண்ணீருக்குள் முகத்தை வைத்து வள்ளத்தைப் பார்த்த சந்தோஷத்தில் வாய்விட்டுச் சிரித்தார். மேல் பல் செட் கழன்று, ஆடி ஆடிப் போய், பெரிய வள்ளத்தின் நடுவில் உட்கார்ந்தது.

ஒரு மூச்சில் எடுத்துவிடுவேன். ஆனால் எங்கள் மேடம் சட்டம் தப்பாது. "கீழே போயிருச்சுன்னா அது நம்மது இல்ல அண்ணாச்சி, கேட்டுத்தான் எடுக்கணும்" என்று மேலாபீசுக்குப் போன் போட்டது. அவர்கள் அதற்கு மேலே கேட்டார்கள். அரைமணி நேரம் பெரியவர் வாயைக் கையால் பொத்திக்கொண்டு, நான் வாங்கிக் கொடுத்த சாயாவைக் குடிக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார். கடைசியில் பதில் வந்தது: பொருள் இன்னாருடையது என்று தெரிந்து, உடையவரே நேரில் வந்து கேட்டால் கொடுக்கலாம். மேடம் அதை அப்படியே ரிஜிஸ்டரில் எழுதி, பெரியவரிடம் கையெழுத்து வாங்கியது. நான் எடுத்துவந்து கொடுத்தேன். அவர் கழுவக்கூட இல்லை, அப்படியே மாட்டிக்கொண்டு ஒருமுறை சப்புக் கொட்டினார்: "நல்ல தண்ணிதான்டே. உப்பே இல்ல."

இந்தப் பல் கதையைச் சுகுணன் அன்றிலிருந்து ஏறுகிற ஒவ்வொருவருக்கும் சொல்ல ஆரம்பித்தான். நான் கொல்வேன், அவன் சிரிக்க வைப்பான். ஆள் குறையவில்லை.

பாறை போட்ட துளை

பெரிய வள்ளத்தின் அடிப்பலகையில் ஒரு துளை உண்டு. பாறை குத்தியது என்று ஆட்களை முங்கவைத்துக் காட்டுவேன். பள்ளுருத்தியிலிருந்து ஒரு ஆசாரி, மரவேலைக்காரர், பெண்டாட்டி பிள்ளைகளோடு வந்தார். நல்ல நீச்சல். என்னோடு கீழே வந்து அந்தத் துளைக்குமேல் இரண்டு விரலை வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். தொடக் கூடாது என்று கையைத் தட்டிவிட்டேன். மேலே வந்து முகமூடியைக் கழற்றினார். என்னை ஒரு பார்வை பார்த்தார். தோணியில் மற்றவர்கள் இருந்ததால் மரியாதையாகக் கேட்டார்: "இவ்வளவு வட்டமாத் துளை போடுற பாறை எங்க இருக்கு அண்ணாச்சி? நாளைக்கே என்கூடப் பணிக்குக் கூட்டிட்டுப் போறேன்."

மோட்ச தீபம்

மதுரையிலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். நான் ஐந்து பேரையும் ஒவ்வொருவராக முக்கி முடித்தேன். அந்த அம்மா பையிலிருந்து சின்ன நோட்டும் பேனாவும் எடுத்தார். "ஊருக்குப் போனதும் கோயில்ல மோட்ச தீபம் போட்டுடறேங்க. அஞ்சு பேர் பேரும் சொல்லுங்க" என்றார்.

நான் அதற்குத் தயாராக இல்லை. எங்கள் சந்தில் குடியிருக்கிற நாலு பேரின் பேரைச் சொன்னேன். காய்கறி வண்டிக்காரர், தையல்காரர், எதிர்வீட்டு அண்ணன், முனிசிபாலிட்டியில் இருக்கிற என் மச்சான். நாலு பேரும் அன்று காலைகூடக் கல்லுப்போல இருந்தார்கள். ஐந்தாவது பேருக்கு எனக்குப் புத்தி ஓடவில்லை. வாயில் வந்தது "சுகுணன்" என்று. அந்த அம்மா அதையும் நிறுத்தி நிதானமாக எழுதி, கீழே கோடு போட்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கூட்டத்துக்காகச் சொல்வது ஒன்று. அதற்கு ஒரு மனுஷி எண்ணெய் ஊற்றித் திரி போடுவது வேறு. உண்மையைச் சொல்லிவிடலாமா என்று வாயைத் திறந்தேன். தோணி கரை தட்டிவிட்டது. சுகுணன் என் முகத்தைப் பார்க்காமல் கயிற்றைக் கட்டிக்கொண்டே சொன்னான்: "மேடம்கிட்ட சொல்லி நாளையிலேர்ந்து எனக்கு லீவு வாங்கித் தாங்க அண்ணாச்சி. செத்தவன் எப்படித் துழையறது?"

முன்னால் உட்கார்ந்தவர்

மாசி கடைசியில் ஒருநாள் எண்பது தாண்டிய ஒருவர் மருமகனோடு வந்தார். பள்ளுருத்தியில் மகள் வீட்டில் இருக்கிறாராம். பேர் வறீது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, யார் கையையும் பிடிக்காமல் தோணியில் ஏறி முன்னால் உட்கார்ந்தார். தோணி ஏறுகிற விதத்திலேயே தண்ணீர்க்காரர் என்று தெரிந்தது. போகிற வழியில் சுகுணன் பல் கதையைச் சொன்னான். பெரிய வள்ளத்துக்குமேல் வந்ததும் எல்லாரும் கண்ணாடியைக் குனிந்து பார்த்தார்கள். வறீது சேட்டனும் பார்த்தார். ஒரு தடவைதான். பிறகு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் பேய்க்காற்றில் ஆரம்பித்து, கழியைக் கட்டிப் பிடித்த இடத்துக்கு வந்தேன். மதுரை அம்மாவுக்குப் பிறகு கதையைக் குறைக்க வேண்டும் என்று தினமும் நினைப்பேன். ஆறு முகம் எதிரே இருந்தால் முடிவதில்லை. "அந்த ஆளுக்குக் குடும்பம் இருந்ததா?" என்று கேட்டார் சேட்டன். பெண்டாட்டியும் ஒரு கைக்குழந்தையும் என்றேன். "அந்தக் குழந்தை என்ன ஆச்சு?" அனாதையாகப் போய்விட்டது என்று குரலைத் தாழ்த்தினேன். அவர் பக்கத்தில் இருந்த மருமகனின் தோளைத் தட்டினார்.

"அந்தக் குழந்தையைத்தான் இவன் கட்டியிருக்கான். அனாதையெல்லாம் இல்ல மோனே, காலைல எனக்குப் புட்டும் கடலையும் வச்சுத் தந்துதான் அனுப்பினா."

சட்டைப் பையில் இருந்தது

கரைக்கு வந்ததும் வறீது சேட்டன் மேடத்தின் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். உள்ளே ஒரு மரத்தக்கை. பெரிய பாட்டிலை அடைக்கிற அளவு, கறுத்துப்போனது.

"வள்ளம் முங்கலை மோளே. நான் முக்கி வச்சது" என்று ஆரம்பித்தார். ஓட்டம் இல்லாத நாளில் வள்ளத்தைக் கரையில் போட்டால் பலகை காய்ந்து தையல் விடும். உப்புத் தண்ணீரில் விட்டால் புழு தின்னும். ஆகவே நல்ல தண்ணீருக்குக் கொண்டுவந்து, உள்ளே கல்லை அடுக்கி, அடிப்பலகைத் தக்கையை உருவிவிடுவார்கள். வள்ளம் சமர்த்தாகக் கீழே போய் உட்கார்ந்துகொள்ளும். வேண்டும்போது கல்லை எடுத்து, தக்கையை அடித்து, தண்ணீரை இறைத்தால் பழையபடி மேலே வரும். அதுவரை தக்கை சொந்தக்காரர் வீட்டில் இருக்கும். யார் கையில் தக்கையோ அவருக்கு வள்ளம். "அந்த வருஷம் மழை கழிஞ்சு எடுக்கலாம்னுதான் வச்சேன். மழை கழியறதுக்குள்ள பாலம் வந்திருச்சு, சரக்கெல்லாம் லாரியில போச்சு. நான் ஏலூர்ல லோடிங் பணிக்குப் போயிட்டேன். அப்புறம் நீங்க வேலி போட்டீங்க. சரி, பத்திரமா இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

வட்டமான துளை. வரிசையாக அடுக்கிய கல். தினமும் நாலு முறை முங்கிப் பார்த்தவன் நான். எனக்குத் தெரியவில்லை. அந்த ஆசாரிக்கு இரண்டு விரல் போதுமாக இருந்தது.

மருமகன் விஷயத்துக்கு வந்தார். ஒரு ரிசார்ட்டில் பேசியாகிவிட்டதாம். வள்ளத்தை வாசலில் நிறுத்தி, பக்கவாட்டில் வெட்டிக் கதவு வைத்து, உள்ளே மேசை நாற்காலி போடுவார்களாம். கிரேனுக்கும் சொல்லியாகிவிட்டது. பெரிய வள்ளம் போனால் எங்களுக்கு மிச்சம் பிளந்த சின்ன வள்ளமும் உடைந்த ஓடும்தான். அதைப் பார்க்க யார் வருவார்கள்? மேடம், காயலிலிருந்து எதையும் எடுக்கக் கூடாது என்று பலகையைக் காட்டியது. மருமகன் சுகுணனைக் காட்டினார்: "இவர்தான் சொன்னார், பல் செட்டைக் கொடுத்தீங்களாமே? பல்லுக்கு உடையவர் வந்தா கொடுப்பீங்க, வள்ளத்துக்கு உடையவர் வந்தா மாட்டீங்களா?"

தக்கை

மேடம் ரிஜிஸ்டரைப் புரட்டியது. பல் செட்டைக் கொடுத்தது மேடத்தின் கையெழுத்திலேயே இருந்தது. மேலாபீசுக்குப் போன் போட்டது. தக்கை அந்தத் துளைக்குப் பொருந்துகிறதா என்று முங்கிப் பார்த்து எழுதி அனுப்பு, பொருந்தினால் யோசிக்கலாம் என்றார்கள். முங்க வேண்டியது நான்.

தோணியில் நான், சுகுணன், வறீது சேட்டன், மருமகன், மேடம். உங்களிடம் மறைப்பானேன், முகமூடியை மாட்டும்போதே எனக்குள் ஓடியது: பொருந்தவில்லை என்று ஒரு வார்த்தை போதும். மேலிருந்து பார்த்தால் அந்தத் துளை வள்ளத்தின் நிழலில் இருக்கும். கீழே என்னைத் தவிர யாரும் இல்லை. பொய் சொல்லிப் பழகின வாய். மூன்று பேர் பிழைப்பு. ஆனால் கண்ணாடி வழியாக அந்த மனிதர் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நோட்டில் கோடு போட்ட மதுரை அம்மாவும் எங்கேயோ இருக்கிறார். இந்த ஒரு தடவை உள்ளதைச் சொல்லிவிடுவோம் என்று கீழே போனேன்.

தக்கையைத் துளையில் வைத்தேன். பொருந்தவில்லை. திருப்பி வைத்தேன். கடகடவென்று ஆடி என் கைக்கே திரும்பி வந்தது. மூச்சு முடிகிற வரைக்கும் முயன்றேன். உண்மை சொல்லலாம் என்று முடிவு எடுத்த அன்றைக்கே, உண்மை எனக்குச் சாதகமாகப் போய்விட்டது. யார் நம்புவார்கள்?

"பொருந்தலை சேட்டா, ஆடுது" என்றேன் மேலே வந்து. மருமகன் எழுந்தே விட்டார். தோணி ஆடியது. சுகுணன்கூட என்னை ஒரு மாதிரி பார்த்தான். வறீது சேட்டன் நிதானமாகக் கேட்டார்: "நீ என்னைக் கொன்ன ஆளாச்சே. உன் வாயை நம்பறதா?" நான் தக்கையை அவர் கையில் வைத்தேன்.

அவர் அதை வெயிலில் பிடித்துத் திருப்பினார். ஒரு பக்கம் நகம் நுழைகிற அளவு பிளந்திருந்தது. கட்டைவிரலால் சுற்றளவைத் தடவினார். "இது சுருங்கியிருக்கு" என்று தனக்குத்தானே சொன்னார். பிறகு என்னைக் கேட்டார், பலகை எப்படி இருக்கிறது என்று. துளையின் விளிம்பில் ஒரு கீறல் இல்லை, தையல் கயிறு விரலால் நெம்பினாலும் அசையாது என்றேன். அதைச் சொல்லும்போதுதான், தொடக் கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்கிற நான் தொட்டிருக்கிறேன் என்பது மேடத்துக்கும் எனக்கும் ஒன்றாகத் தெரிந்தது. மேடம் கேட்காத மாதிரி காயலைப் பார்த்தது.

வறீது சேட்டன் தக்கையை மருமகனிடம் கொடுத்தார். "ரெண்டும் ஒரே அஞ்சிலி மரம்தான். வீட்டுல பெட்டிக்குள்ள துணி சுத்தி வச்சது இது. தண்ணியில விட்டது அது. எது கெட்டிருக்கு பாரு. ரிசார்ட்டு வாசல்ல வெயில்ல நிறுத்தினா எத்தனை நாளைக்கு இருக்கும்?" என்றார். மருமகன் தக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அப்படியானால் எப்போதுதான் எடுப்பது என்று கேட்டார். வறீது சேட்டன் குனிந்து, கண்ணாடிக்குக் கீழே தன் வள்ளத்தை நுனியிலிருந்து நுனிவரை பார்த்தார். "இதை வீட்டுல பக்கெட் தண்ணியில போட்டு வை, ஊறட்டும். அவசரம் ஒண்ணுமில்ல. மழை கழியட்டும்."

தீபத்தின் பலன்

மேலாபீசுக்கு மேடம் நடந்ததை நடந்தபடி எழுதியது: தக்கை பொருந்தவில்லை, உடையவர் எடுக்க விரும்பவில்லை. இன்னொரு வருஷத்துக்குப் பர்மிஷன் வந்தது. நான் இப்போது ஒருவரையும் கொல்வதில்லை. மாதத்தில் ஒருநாள் வறீது சேட்டன் வருவார். அன்றைக்கு எத்தனை பேர் செத்தார்கள் என்று யாராவது கேட்டால், முன்னால் உட்கார்ந்திருக்கிற அவரைக் கை காட்டுவேன். மடியில் ஒரு பெரிய பாட்டில் வைத்திருப்பார், அதில் தண்ணீர், தண்ணீரில் தக்கை. அது எவ்வளவு ஊறியிருக்கிறது என்று தோணியில் எல்லாரும் வாங்கி வாங்கிப் பார்ப்பார்கள். கோயம்புத்தூர்ச் சித்தி மாதிரி ஆட்களுக்கு மட்டும் இன்னமும் கொஞ்சம் வருத்தம் இருக்கத்தான் செய்கிறது.

எனக்கு ஒரு பாக்கி இருந்தது. ரிஜிஸ்டரில் நம்பர் தேடி மதுரை அம்மாவுக்குப் போன் போட்டேன். அம்மா, மன்னிக்கணும், அந்த ஐந்து பேரும் சாகவில்லை, இதோ சுகுணன் பக்கத்தில் நின்று பீடி பற்ற வைக்கிறான் என்று ஒரே மூச்சில் சொன்னேன். திட்டுவார் என்று போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளியே பிடித்தேன். அந்தப் பக்கம் சந்தோஷம் தாங்காமல் வீட்டில் யாரையோ கூப்பிட்டுச் சொல்கிற குரல் கேட்டது: "ஏய், இங்க வாயேன், நான் தீபம் போட்டேன்ல, அந்த அஞ்சு பேரும் பொழச்சுட்டாங்களாம்!"

முங்கின கப்பலைக் காட்டுகிற கைடு என்று வீட்டிலும் ஊரிலும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஒருவர் நிறுத்திவிட்டுப் போன வண்டிக்கு, அவர் வந்து எடுக்கிற வரைக்கும் ஸ்டாண்டில் காவல் இருக்கிறவன்தான் நான் என்பது இப்போதுதான் தெரிகிறது.